நடுக்கட்டத்துச் சட்டை

எண்களை எழுதினால் மூன்று முறை சரிபார்ப்பேன். பரீட்சைத் தாளில் பதிவு எண், விண்ணப்பத்தில் ஆதார் எண் எல்லாவற்றையும். யாராவது ஃபோன் நம்பர் சொன்னால் திருப்பி ஒப்பித்துக் காட்டுவேன். அவர்கள் ஆமாம் என்று சொன்ன பிறகும் இன்னொரு தரம். ஹாஸ்டல் அறையில் இதற்காக எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது. கூடப் பிறந்த குணம் இல்லை இது. ஒன்பது வயதில் ஒரு துண்டுத்துணிப் போர்வையோடு வந்து ஒட்டிக்கொண்டது.

அப்போது ஒத்தக்கடையில் இருந்தோம். மேலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, பூசாத சுவர்களோடு புதிதாக எழும்பிய வீடுகளில் ஒன்று. அப்பா குட்டியானை வண்டி ஓட்டினார். விடிவதற்கு முன் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைத்தாள். இரண்டு தெரு தள்ளி சித்தி வீடு. உசிலம்பட்டியில் அம்மா பிறந்த வீட்டில், எல்லோருக்கும் இளையவராக மாமா. அங்கே செல்போன் கடை வைத்திருந்தார். எனக்குப் பத்து வயது மூத்தவள் அக்கா. நான் சொல்லும் சமயத்தில் அவள் வீட்டில் இல்லை.

அக்காவை மாமாவுக்குத்தான் என்று அவள் பாவாடை கட்டிய காலத்திலேயே பேசிவைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் தாய்மாமனுக்கு அது உரிமை. பரிசம் போடத் தேதி குறித்து, எங்கள் எல்லோருக்கும் துணி எடுத்தாகிவிட்டது. பரிசத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, தன்னோடு கல்லூரியில் படித்தவனோடு அக்கா போய்விட்டாள். வேற ஆளுக. அப்பா கிணற்றடிக்குப் போய்த் தலைமுழுகிவிட்டு வந்து, ஈரத்தோடு, இந்த வீட்டில் ஒரு பிள்ளைதான் என்றார். அந்த ஒரு பிள்ளை நான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அக்காவின் அலமாரித் தட்டு எனக்கு வந்தது; அவளுடைய ஜாமெட்ரி பாக்ஸும்.

ஆனால் ஓராண்டுக்குப் பிறகு, அப்பா இல்லாத மத்தியான நேரங்களில் அம்மாவின் செல்போனுக்கு ஓர் அழைப்பு வரத் தொடங்கியது. அம்மாவுக்கு அதில் பெயர் பதியத் தெரியாது. நான்தான் பதிந்து கொடுத்தேன், ‘நூல்கடை’ என்று. யோசனையும் என்னுடையதுதான். நூல்கடை திருப்பூரில் இருந்தது. நூல்கடைக்கு ஏழு மாதம் ஆகியிருந்தது.

தலைப்பிரசவம். பெற்றவள் வீட்டுக்கு வரவேண்டியவள் வர முடியாது, அம்மாவும் போக முடியாது. போகக்கூடியது ஒன்றுதான்: பிள்ளைக்கு முதல் துணி. பேர் வைக்கும்வரை பிறந்த பிள்ளை மேல் புதுத்துணி படக்கூடாது. வீட்டு மனிதர்கள் உடுத்தி, துவைத்து, மெத்தென்று ஆன பழைய துணியாக இருக்க வேண்டும். அதில்தான் ஏந்த வேண்டும். அக்காவின் வலி வருவதற்குள் அது அவள் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதைத் தவிர அந்த மாதம் முழுவதும் அம்மாவுக்கு வேறு நினைப்பு இல்லை.

தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வெட்டுத்துணி ஒரு சாக்கு நிறையக் கிடந்தது. பட்டு, பாலியெஸ்டர், ஜமிக்கி வைத்தது என்று ஊரில் உள்ள அத்தனை ஜாக்கெட்டின் மிச்சமும். இதிலேயே தைக்கலாமே, ஜொலிக்குமே என்றேன். “ஊரான் துணியில எம்பேரப்பிள்ளையப் போடச் சொல்றியா?” என்று என் தொடையில் கிள்ளினாள் அம்மா. ஆகவே வீட்டில் வேட்டை தொடங்கியது. அம்மாவின் கிழிந்த சேலை, சித்தியின் நைட்டி, அக்கா விட்டுப்போன சுடிதார், என் பால்வாடிச் சீருடை, அப்பாவின் பழைய வேட்டி. வேட்டியை நான்தான் அப்பாவின் பெட்டிக்கடியிலிருந்து உருவினேன். ஒரு ஜாண் சதுரமாக வெட்டி, வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசை. மெஷினில் இணைத்த பிறகு அடித்துணி வைத்து மூலைக்கு ஒருவராக உட்கார்ந்து கையால் ஓட்டுத்தையல் போட வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்துவிடுவேன். பை எந்தப் பக்கம் போய் விழுந்தது என்றுகூடத் திரும்பிப் பார்க்க மாட்டேன். ஊசியில் விரலைக் குத்திக்கொள்வதுகூட அப்போது சுகமாக இருந்தது. அந்த வீட்டில் அம்மா, சித்தி, நான் என்று மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தது அந்த மாதம்தான். ஒருநாள் அப்பா முன்னதாக வந்து பார்த்துவிட்டு, யாருக்கு என்று கேட்டார். ஆர்டர் என்றாள் அம்மா. தன் வேட்டியையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. அன்று அவர் சோறு போடச் சொன்னார், அவ்வளவுதான்.

இருபத்துநான்கு கட்டம் சேர்ந்துவிட்டது. நடுக்கட்டம் மட்டும் ஓட்டையாக இருந்தது.

“யக்கா, எல்லாஞ்செரி. நடுவுல தாய்மாமன் துணி இல்லாம எப்பிடிக்கா?” என்றாள் சித்தி. பிள்ளைக்குத் தாய்மாமன் என்றால் அக்காவின் உடன்பிறந்தவன். எங்களுக்கு ஆண்பிள்ளை கிடையாது. அப்படியானால் அந்த இடம் மேலே ஏறி, அக்காவின் தாய்மாமனுக்குப் போகும். அதாவது மாமாவுக்கு.

“அவங்கிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுடி கேப்பேன்?” என்றாள் அம்மா. அந்த ஓட்டையில் கையை வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மாமா சனிக்கிழமைகளில் பைக்கில் வருவார். பரிசம் நின்றுபோன பிறகும் வருவதை நிறுத்தவில்லை; அதற்காகவே அம்மா அவரைக் கும்பிடாத குறை. அந்தச் சனிக்கிழமை பைக் சத்தம் கேட்டதும் மடித்து வைக்க நேரமில்லை. சித்தி போர்வையின் மேலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். உள்ளே வந்த மாமா அவளைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“என்ன சின்னக்கா, அடைக்கு உக்காந்திருக்கியா? எத்தன முட்ட?”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்த வேகத்தில் சொன்னேன்: “இருவத்திநாலு மாமா! நடுவுல ஒங்க துணி மட்டும்தான் இல்ல!”

சித்தி மெதுவாக எழுந்து நகர்ந்தாள். மாமா போர்வையைப் பார்த்தார். அக்காவின் சுடிதார்த் துண்டை அவருக்குத் தெரியாமல் இருக்காது. அந்தச் சுடிதாரை அவளுக்கு எடுத்துக்கொடுத்ததே அவர்தான். யாருக்கு என்றோ எங்கே இருக்கிறாள் என்றோ கேட்கவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, “வாரேன்க்கா” என்று போய்விட்டார். அம்மா என்னை அடித்தாள்.

அடுத்த சனிக்கிழமை ஒரு பையோடு வந்தார். உள்ளேயிருந்து சந்தன நிறப் பட்டுச் சட்டையை எடுத்து அம்மா மடியில் போட்டார். பரிசத்துக்கு என்று எடுத்த சட்டை. கழுத்துப் பட்டையில் கடைக்காரன் வைத்த அட்டைகூட இன்னும் இருந்தது.

“இத எப்பிடிடா வெட்டுவேன்? ஒரு தரம் போட்டுப் பாத்ததோட சரி.”

“அதான் பழசாயிருச்சுல்ல. வெட்டுக்கா.”

கத்தரிக்கோலைக் கையில் எடுத்த அம்மாவுக்கு அதைத் துணியில் வைத்து வெட்ட வெகுநேரம் பிடித்தது. முதுகுப் பக்கத்தில் ஒரு ஜாண் வெட்டியதும் சட்டையோடு எழுந்து பின்னால் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அன்று மாமா போன பிறகு சித்தியிடம், “மனசு மாறிட்டான்டி. இல்லைன்னா இத வெட்டக் குடுப்பானா?” என்றாள். சித்தியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நம்ம ரத்தம்ல” என்றாள். எங்கள் ஆட்கள் இப்படித்தான். ஒருவன் கோபத்தை வாயால் சொன்னால் நம்புவார்கள், ஒரு துணியை எடுத்து மடியில் போட்டால் கோபம் தீர்ந்தது என்று நம்பிவிடுவார்கள். அந்தச் சட்டை இனி எதற்கும் ஆகாது என்று சொல்லவும் ஒருவன் அதை வெட்டக் கொடுக்கலாம் என்பது, ஆயுசெல்லாம் துணி வெட்டிய அம்மாவுக்குத் தோன்றவில்லை.

அதன்பிறகு மாமா வாரநாளில்கூட வந்தார். வெள்ளெழுத்து வந்துவிட்ட அம்மாவுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பார். என் தையலைப் பார்த்து, எலி ஓடின தடம் மாதிரி இருக்கு என்பார். அவர் மூலையில் அவரே தைக்கவும் செய்தார். நேராக, நெருக்கமாக, அரிசி அரிசியாக. “பயபுள்ள பொம்பளையாப் பொறந்திருக்க வேண்டியது” என்று சித்தி வம்பிழுத்தாள். “பொறந்திருந்தா மாமாவுக்கும் ஒரு மாப்ள தேடணும்” என்று நான் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார் என்றுதான் நினைவு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போர்வை முடிந்தது. நடுக்கட்டத்தின் கடைசித் தையலை மாமா போட்டு, நூலைப் பல்லால் கடித்தார்.

“போஸ்ட்டுல போட்டா எங்கயாச்சும் கெடக்கும்க்கா. அட்ரஸக் குடு, நானே ஒரு எட்டு போயிக் குடுத்துட்டு வாரேன்.”

அம்மா ஒரு கணம் அவரைப் பார்த்தாள். நம்பினாள்தான். ஆனாலும் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று நம்பவில்லை போலிருக்கிறது. “வேணாண்டா தம்பி. ஒனக்கெதுக்கு அலைச்சல். தபால்ல போயிரும்.” மாமா வற்புறுத்தவில்லை. அதுவும் சரிதான் என்று டிவிக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு, போர்வையை வெள்ளைத் துணியில் பொதிந்து சுற்றிலும் தைத்தாள் அம்மா. மேலே முகவரி எழுதியது நான். அக்கா ஃபோனில் சொல்லச்சொல்ல நானே எழுதிவைத்திருந்த துண்டுச்சீட்டைப் பார்த்து, கறுப்பு மார்க்கரில், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய கையெழுத்தில். பின்கோடுக்கு ஆறு கட்டம் போட்டேன். எழுதி முடித்ததும் அம்மா சீட்டை அடுப்பில் போட்டாள். “வெளியாளுக யாருட்டயும் மூச்சு விடக்கூடாது, தெரியுதா?” தலையாட்டினேன். யாரிடமும் விட மாட்டேன். நூல்கடையைக் கண்டுபிடித்தவள் இல்லையா நான்.

சாயங்காலம் மாமா என்னை பைக்கில் முன்னால் உட்காரவைத்து மேலூர் ரோட்டு பேக்கரிக்குக் கூட்டிப்போனார். முட்டை பப்ஸ் வாங்கித் தந்தார்.

“ஏ வாயாடி, அட்ரஸ் நீதான் எழுதுனியாமே? போஸ்ட்மேன் தலையில அடிச்சுக்கப் போறாரு.”

“எதுக்கு?”

“நம்பரத் திருப்பிப் போடுற ஆளுல்ல நீ. கணக்குல எம்புட்டு எடுத்த? இருவதா?”

“நாப்பத்தெட்டு! அம்பதுக்கு!”

“அடேயப்பா, அம்புட்டுப் பெரிய ஆளா? எங்க, பின்கோடச் சொல்லு பாப்போம். ஆறு நம்பர்ல, மறந்திருப்ப.”

சொன்னேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். நம்பரை யார் வேண்டுமானாலும் மனப்பாடம் பண்ணலாம், தெருப் பேரு வாயில் நுழையாதே என்றார். தெருப் பேரையும் சொன்னேன், குறுக்குத் தெருவையும், கதவு எண்ணையும், மாடி என்பதையும். ஒரு தடவை மூச்சுவிடாமல் முழுவதும் சொல்லச் சொன்னார். பப்ஸ் தூள் சிதறச் சொல்லி முடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், தூரத்தில் கேட்கும் பாட்டைக் கேட்பதுபோல. “கெட்டிக்காரிதான்” என்று என் தலையில் கை வைத்தார். அன்று என்னைவிடச் சந்தோஷமான ஆள் அந்த ரோட்டில் இருந்திருக்க முடியாது.

திங்கட்கிழமை அம்மா பார்சலைத் தபாலில் சேர்த்தாள்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அப்பா வீட்டில் இருந்தார். அதுவே பண்டிகை மாதிரி. வாசலில் வண்டி இல்லை. அம்மா வண்டி எங்கே என்று கேட்டதற்கு, “மாப்ள லோடு எடுக்க வாங்கிட்டுப் போயிருக்கான்” என்றார், மாமாவைத்தான். அம்மா மேற்கொண்டு கேட்கவில்லை. அப்பா என்னோடு கேரம் ஆடினார். ஒவ்வொரு ஆட்டத்திலும் என்னை ஜெயிக்கவிட்டார். அவர் எதைத் தெரிந்துகொண்டு சாவியைக் கொடுத்தார் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. மறுநாள் காலையில் வண்டி வந்து நின்றது. அப்பா வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்து அதைக் கழுவினார். வண்டி கழுவ ஆள் வைத்திருந்த மனிதர்.

அன்று மத்தியானத்துக்குள் செய்தி வந்துவிட்டது. மாமாவும் இன்னும் மூன்று பேரும் திருப்பூருக்குப் போயிருந்தார்கள். மாடியில் ஏறி, அக்காவைக் கட்டிய அத்தானைத் தெருவரை இழுத்துவந்து அடித்திருந்தார்கள். பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிறவர் அவர். வலது கையைக் குறிபார்த்து உடைத்திருந்தார்கள். குறுக்கே வந்த அக்கா படிக்கட்டில் விழுந்துவிட்டாள். இதெல்லாம் பின்னால் நான் தெரிந்துகொண்டது. அன்று பள்ளிக்கூடத்திலிருந்து வந்த எனக்குத் தெரிந்ததெல்லாம், மெஷின் ஓடவில்லை, சித்தி வந்திருக்கிறாள், யாரும் விளக்கைப் போடவில்லை.

அம்மா என்னைக் கூப்பிட்டாள். “அட்ரஸ யாருட்டயாச்சும் சொன்னியா?”

“வெளியாளுக யாருட்டயும் சொல்லலம்மா. மாமாட்ட மட்டும்தான். ரெண்டு தடவ. ஒரு தப்பில்லாமச் சொன்னேன்.”

அடி விழும் என்று எதிர்பார்த்தேன். சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா என்னைப் பிடித்துத் திருப்பி உட்காரவைத்து, ஜடையை அவிழ்த்து, எண்ணெய் வைத்து வாரிப் பின்னத் தொடங்கினாள். காலையில்தான் பின்னிவிட்டிருந்தாள்.

பாதி ஜடையில் ஃபோன் அடித்தது. நூல்கடை. அந்தப் பழைய பட்டன் ஃபோனில் எதிர்முனை பேசுவது பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கும். அக்கா அழவில்லை. “அட்ரஸ் ஒங்க ரெண்டு பேருக்கு மட்டும்தானம்மா தெரியும்” என்றாள். “யாரு சொன்னா?”

அம்மாவின் ஒரு கை என் ஜடையில் இருந்தது. அது இறுகியது.

“நாந்தான்டி,” என்றாள். “நாந்தான் சொன்னேன்.”

பிறகு, இனிமேல் நான் செத்துட்டேன்னு வச்சுக்க என்று கேட்டது. வைத்துவிட்டாள். அன்றிலிருந்து நூல்கடை எடுக்கவில்லை. சில நாளில் அந்த எண்ணே இல்லாமல் போனது.

மூன்று வாரம் கழித்துப் பார்சல் திரும்பி வந்தது. வீடு பூட்டியிருக்கிறது, ஆள் இல்லை என்று சிவப்பு மையில் எழுதியிருந்ததைப் பின்னால்தான் படித்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. பின்கோடைத் தப்பாக எழுதிவிட்டேனா என்று கேட்டேன். அம்மா பார்சலை என் கண்ணில் காட்டாமல் பரண் மேல் தள்ளினாள். “ஆமா. கடேசி நம்பர் தப்பு. இனிமே பாத்து எழுது” என்றாள். அவளிடமிருந்து எனக்குக் கிடைத்த தண்டனை அந்த ஒரு எண்தான். அதிலிருந்துதான் இத்தனை வருடமாகச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பதின்மூன்று வயதில் எனக்குச் சடங்கு வைத்தார்கள். மாமா, கட்டிய மனைவியோடு, மேளம் வைத்து, இருபத்தோரு தட்டுச் சீர் கொண்டுவந்தார். தாய்மாமன் மாலை என் கழுத்தில் விழுந்தது. அம்மா ஒவ்வொரு தட்டாக வாங்கி வாங்கி வைத்தாள், முகம் அசையாமல். நான் அவர் கொண்டுவந்த பட்டைக் கட்டிக்கொண்டு குதித்துத் திரிந்தபோது சித்திக்குப் பொறுக்கவில்லை. அடுப்பங்கரைக்கு இழுத்துப்போய், பல்லைக் கடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியாக, “ஒன்னக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு மூத்தவளத் தொலச்சாடி ஒங்காத்தா” என்றாள்.

விருந்தாளிகள் போன பிறகு, பட்டுச்சேலையோடு பரணில் ஏறிப் பார்சலை எடுத்தேன். தையல் பிரிக்காமல் அப்படியே இருந்தது. ஆறு கட்டம், ஆறு எண். தப்பே இல்லை.

பிள்ளை பிறந்ததா, பெண்ணா ஆணா, எங்களுக்குத் தெரியாது. அக்காவின் பெயரைப் போட்டு எத்தனையோ இரவு ஃபோனில் தேடியிருக்கிறேன். ஒரே பெயரில் ஊரெல்லாம் பெண்கள். அவளிடம் ஒரு வாக்கியம் சொன்னால் போதும்: சொன்னது அம்மா இல்லை, நான். அதைச் சொல்வதற்கு என்னிடம் முகவரி இல்லை. அம்மாவிடம், நீ ஏன் என் பெயரைச் சொல்லவில்லை, ஒன்பது வயசுப் பிள்ளையை அக்கா மன்னித்திருக்க மாட்டாளா என்று ஒருமுறை சண்டை போட்டேன். மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சத்தத்தில் காதில் விழவில்லை என்று நான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா கடைசியாகப் பேசிய அன்று சாயங்காலம் ஃபோனை வைத்துவிட்டு, அம்மா என் மீதி ஜடையைப் பின்னி ரிப்பன் கட்டினாள். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அம்மாவே முகவரியை யாரிடமோ உளறிவிட்டாள் என்று என் காதாலேயே கேட்டிருந்தேன். என்னை மட்டும் மிரட்டினாளே என்று இருந்தது. நல்லவேளை, நான் வெளியாள் யாரிடமும் சொல்லவில்லை. ரகசியம் காப்பதில் இந்த வீட்டில் நான்தான் கெட்டி என்று நினைத்துக்கொண்டு, ஜடையை முன்னால் போட்டு, விளையாடப் போனேன்.